கைம்மாறு யாருக்கு?

பெற்ற உதவிக்குக் கைம்மாறு, உதவியவர்க்கே செய்தல் வேண்டுமோ? கடலோடிகள் வாழ்வில் இதற்கு விடையுண்டு.

தன்னந்தனியராய் உலகைச் சுற்றிவரும் வாண்டே குளோப் பாய்மரப் பந்தயத்தில், தென்கடலில் இடருற்றோர்க்குப் பல வேளைகளில் அருகிலுள்ள போட்டியாளரே துணை. 2009 சனவரியில் ஹார்ன் முனையருகே ழான் லெ காமின் படகு கவிழ்ந்தது. அவரை மீட்டவர் வின்சென்ட் ரியூ. அம்முயற்சியில் தம் படகின் பாய்மரத்தையே இழந்தார்.

2020 நவம்பர் 30இல், நன்னம்பிக்கை முனைக்குத் தென்மேற்கே கெவின் எஸ்கோஃபியேயின் படகு பிளந்தது. 11 மணி நேரத்துக்கு மேல் மிதவையில் தவித்த அவரைக் காத்தவர் யார்? அதே லெ காம்!

ரியூவிடம் பட்ட கடன் எஸ்கோஃபியேயிடம் தீர்ந்தது என்போம். இருவர்க்குள்ளே கொடுத்து வாங்கின் அது வாணிபம். மூன்றாமவனுக்கும் எட்டுமாயின் அதுவே அறம். நமக்குக் கை கொடுத்தவர் இன்று எங்குளரோ அறியோம். கை நீட்டுவோரோ நம்மெதிரே நிற்கின்றனர்.