தன்னையும் மறைக்கும் இருள்

கொழும்பின் கிராண்ட்பாஸிலிருந்து சில கிலோமீற்றரில் கடல். கொழும்புக் கரைக்கு அப்பால் மூழ்கிய கப்பல்கள் பல 30 மீற்றர் ஆழத்தை ஒட்டிக் கிடக்கின்றன. அங்கே அமுக்கம் கரையில் உள்ளதைப்போல் நான்கு மடங்கு. சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் அந்த அமுக்கத்தில் சுழியோடியின் மூளையை மந்தமாக்குகிறது. காரணம் நைதரசனே என்று 1935இல் மருத்துவர் ஆல்பேர்ட் பென்கே எடுத்துரைத்தார். சிலருக்குப் பேரானந்தம், சிலருக்குக் காரணமில்லாத பயம். அமுக்கமானியின் முள் சிவப்புக் கோட்டை நெருங்குவது கண்ணுக்குத் தெரியும். உடனே ஏறவேண்டும் என்பது மட்டும் புத்தியில் உறைக்காது. கேட்டால், தெளிவாகத்தான் இருக்கிறேன் என்று உளமார நம்பிச் சொல்வார். உமாபதி சிவாச்சாரியார் தம் சைவ சித்தாந்த நூலான திருவருட்பயனில், உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலத்தை இருளோடு ஒப்பிட்டு, இருளிலும் அது கொடியது என்கிறார்: இருள் பொருள்களை மறைத்தாலும் தன்னைக் காட்டிவிடும், ஆணவம் தன்னையும் மறைத்துக்கொள்ளும். ஆணவம் அநாதி, இந்த நைதரசன் மயக்கமோ ஆழத்தில் தொடங்கி ஆழத்தோடு முடிவது. ஆனாலும் மறைக்கும் விதம் ஒன்றே. மங்கிய அறிவு தன் மங்கலைத் தானே அளக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் காணவில்லை.

பழகினால் சமாளிக்கலாம் என்பார்கள். பழக்கம் தடுமாறும் உணர்வைக் குறைக்கிறது. தடுமாற்றத்தை அந்த அளவுக்குக் குறைப்பதில்லை. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மீஸ், மட்டக்களப்புக்கு அப்பால் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோடலின் எல்லை 40 மீற்றர். அதற்கும் கீழே போகத் தேர்ந்தவர்கள் நைதரசனைக் குறைத்து ஹீலியம் கலந்த வாயுவைக் கொண்டுபோகிறார்கள். அனுபவம் மட்டும் போதுமென்றால் அந்தச் செலவு எதற்கு? ஒரு வாயு அறிவைக் கலைக்குமானால் ஆன்மா என்று தனியாக எதுவுமில்லை என்பது இதைவிடக் கனமான மறுப்பு. சித்தாந்தத்தில் புத்தி மாயையின் காரியம், சடம். ஆன்மா அதைக் கருவியாகக் கொண்டே அறிகிறது. கருவி கெட்டதால் கருவியை உடையவன் இல்லையென்று ஆகாது. ஆனால் இந்த விடைக்கு நாமும் ஒரு விலை கொடுக்கவேண்டும்: சில மீற்றர் மேலே வந்ததும் கலைந்துபோகும் அந்த ஆனந்தத்தை அருள் என்று கொண்டாட நமக்கு உரிமையில்லை.

சுழியோடும்போது கூட வருபவரும் அதே காற்றைத்தானே சுவாசிக்கிறார், அவர் எப்படித் துணையாவார்? நியாயமான கேள்வி. மலத்தில் கிடப்பவனுக்கு மலத்தில் கிடப்பவன் குருவாக முடியாது. அதனால்தான் எவ்வளவு ஆழம், எத்தனை நிமிடம், எவ்வளவு காற்று மிஞ்சும்போது திரும்புவது என்பதெல்லாம் படகிலேயே, தெளிந்த தலையோடு முடிவாகின்றன. கீழே இருவருக்கும் மிச்சம் கீழ்ப்படிதல் மட்டுமே. ஒருவர் கட்டைவிரலை மேல்நோக்கிக் காட்டினால் மற்றவர் மறுபேச்சின்றி ஏறவேண்டும். ஏன் என்பதைப் படகில் பேசிக்கொள்ளலாம்.