கடைசிப் பக்கத்துப் பெயர்

நாளிதழின் கடைசிப் பக்க அடியில், கண்ணை இடுக்கிக்கொண்டு படிக்க வேண்டிய பொடி எழுத்தில், அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரோடு ஆசிரியர் பெயரும் இருக்கும். சட்டம் கட்டாயமாக்கிய வரி அது. ஏதோ ஊர் நிருபர் எழுதிய செய்திக்கு வழக்கு வந்தாலும், சம்மன் தேடி வருவது அந்தப் பெயரைத்தான். தான் எழுதாததற்கு ஒருவர் தண்டனை பெறுவது நியாயமா?

1987 மார்ச்சில் ஆனந்த விகடன் அட்டையில் எம்.எல்.ஏ.வையும் மந்திரியையும் கேலி செய்து ஒரு ஜோக் வந்தது. எழுதியவர் ஒருவர், படம் போட்டவர் இன்னொருவர். சட்டமன்றம் மன்னிப்புக் கேட்கச் சொன்னபோது மறுத்தவர் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன். மூன்று மாதக் கடுங்காவல் என்றார்கள். எதிர்ப்பு கிளம்பவே சில நாட்களில் விடுவித்தார்கள். அவர் தொடுத்த வழக்கில், 1994-இல் உயர் நீதிமன்றம் ஆயிரம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

அந்த உறுதி பெரிதுதான். ஆனால் அறக்கேள்வி அங்கே அவ்வளவு சிக்கலானதல்ல. ஆசிரியர் கண்ணில் படாமல் எதுவும் அட்டைக்குப் போகாது. தான் தேர்ந்ததற்குத் தானே நின்றார்.

கண்ணில் படாததற்கு? 2003-இல் நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஜேசன் பிளேர், போகாத ஊர்களுக்குப் போனதாக எழுதியதும், பிறர் செய்தியைத் திருடியதும் அம்பலமாயின. மே 1 அன்று அவர் விலகினார். ஜூன் 5 அன்று தலைமை ஆசிரியர் ஹவல் ரெய்ன்ஸும் விலகினார். ஒரு பொய்கூட ரெய்ன்ஸ் எழுதியதல்ல. அவரைப் பலியாடு என்று சொல்லிவிடலாம். அது பாதி உண்மைகூட ஆகாது.

ஓராண்டுக்கு முன்பே, பிளேரை எழுதவிடாதீர்கள் என்று நகரச் செய்திப் பிரிவின் ஆசிரியர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அதன் பிறகும் பெரிய செய்திகள் பிளேரிடம் போயின. விவகாரம் வெடித்தபின் நடந்த ஊழியர் கூட்டத்தில், கெட்ட சேதியைத் தன்னிடம் கொண்டுவரவே மற்ற ஆசிரியர்கள் பயப்படுவதாக ரெய்ன்ஸே ஒப்புக்கொண்டார். அப்படியானால் 'எனக்குத் தெரியாது' என்பது சாக்காகாது. அந்தத் தெரியாமையை வளர்த்ததில் அவருக்கும் பங்குண்டு.

இதழுக்குப் பரிசு வந்தால் மேடையேறுபவரும் ஆசிரியர்தானே. அவரே பழி சுமப்பதைத் தியாகம் என்று புகழ்வது கொஞ்சம் அதிகம். சம்பளத்தோடு வரும் வேலை அது. அந்த வேலையும் சம்மன் வரும் நாளில் தொடங்குவதில்லை. இரவு பத்தரைக்கு, பக்கம் அச்சுக்குப் போகும் அவசரத்தில், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமான உதவி ஆசிரியர் ஒருவர் 'சார், இந்தச் செய்தியில் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது' என்று தயங்கி நிற்கும்போது, கடிகாரத்தைப் பார்க்காமல் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொல்கிறாரா என்பதில் இருக்கிறது.