தாளம் வேறு, வார்த்தை வேறா?

ரெக்கே சங்கீதத்தில் முதல் தட்டு விழ வேண்டிய இடம் காலியாகக் கிடக்கும். கனத்த அடி மூன்றாவதில்தான் இறங்கும். அந்தக் காலி இடத்தில் மனம் போய் உட்கார்ந்துகொள்கிறது. 1973-ல் பாப் மார்லியும் அவர் சகாக்களும் உரிமைக்காக எழுந்து நிற்கச் சொல்லிப் பாடினார்கள். ஜமெய்க்கா எங்கே இருக்கிறதென்று அறியாதவர்களும் அதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இதை ரசிப்பதில் எவருக்கும் சங்கடமில்லை.

சங்கடம் அதன் இளைய பிள்ளையான 'டான்ஸ்ஹால்' இசையில் வருகிறது. அங்கே தாளம்தான் முதலில் பிறக்கிறது, 'ரிடிம்' என்கிறார்கள். 1985-ல் ஒரு சின்னக் காஸியோ வாத்தியத்துக்குள் அடைத்து வைத்திருந்த தாளத்தை எடுத்து 'ஸ்லெங் டெங்' ரிடிமைச் செய்தார்கள். அதன்மேல் நூற்றுக்கணக்கான பாட்டுக்கள் ஏறின! ஒரே தாளத்தின்மேல் பிரார்த்தனையும் போகலாம், வசையும் போகலாம். ஆகவே, "நான் தாளத்தைத்தானே ரசிக்கிறேன்?" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள வசதியாயிருக்கிறது.

புஜு பாண்டன் என்பவர் 1992-ல் வெளியிட்ட 'பூம் பை பை', ஆணை விரும்பும் ஆண்களைச் சுடச் சொல்லும் பாட்டு. கேட்டால் கால் தானாக ஆடும். கஷ்டமே அதுதான். "ஏழை ஜனங்களின் ஆவேசம், அந்த ஊர் வழக்கம், நமக்கென்ன?" என்று சிலர் வாதிக்கலாம். நான் ஒப்பமாட்டேன். தங்களை நசுக்கும் அதிகாரத்தைப் 'பாபிலோன்' என்று சபிக்கிறவர்கள் ரெக்கேக்காரர்கள். அந்த ஆண்களைக் குற்றவாளிகளாக்கிய சட்டமோ, 1864-ல் வெள்ளைக்கார ஆட்சியில் எழுதப்பட்டது. பாபிலோன் எழுதிய சட்டத்துக்கு இந்தத் தாளம் போலீஸ்காரனாக நிற்கலாமா? கிங்ஸ்டனில் கதவைச் சாத்திக்கொண்டு அதைக் கேட்கிற ஓர் இளைஞனிடம் போய், தாளம் வேறு, வார்த்தை வேறு என்று பிரித்துக் காட்ட முடியுமா? நம்மால் பிரிக்க முடிகிறதென்றால், துப்பாக்கி நம்மைப் பார்த்து நீளவில்லை, அவ்வளவுதான்.

அதற்காகப் பாடகரையே தள்ளிவைப்பதும் எனக்குச் சம்மதமில்லை. 1995-ல் வந்த அவருடைய 'டில் ஷைலோ' தொகுப்பில் 'அன்டோல்ட் ஸ்டோரீஸ்' என்று வறுமையைப் பற்றி ஒரு பாட்டு உண்டு. அதே கரகரத்த தொண்டைதான்; ஆனால் அதில் யாரையும் மிரட்டவில்லை, நெஞ்சு பாரம் தாங்காமல் பேசுகிறது. 2019-ல் அவர் அந்தப் பழைய பாட்டை இனிப் பாடுவதில்லை என்று தாமே விலக்கிக்கொண்டார். சந்தோஷம். ஆனால் நடுவே 27 வருஷங்கள் அதற்கு ஆடிய கால்கள் அவருடையவை மட்டுமல்லவே!

வறுமைப் பாட்டை நான் அடிக்கடி கேட்கிறேன். மற்றதைத் தேடிப் போவதில்லை. எங்காவது ஒலித்தால் கால் இன்னமும் ஆடத்தான் ஆடுகிறது. எழுந்து வெளியே போய்விடுகிறேன்.