வராத படத்துக்கு யார் கடன்பட்டவர்?

"அந்தப் படம் மட்டும் வந்திருந்தா..." என்று ஆரம்பிக்கிறவரிடம் வாதாடி யாரும் ஜெயித்ததில்லை. சாம் ரெய்மி இயக்கவிருந்த நான்காவது ஸ்பைடர்மேன் அப்படியொரு படம். 2011 மே மாதம் வருவதாக இருந்தது. ஜான் மால்கோவிச் வில்லன், ஆன் ஹாத்வேயும் இருக்கிறார் என்றெல்லாம் செய்திகள் வந்தன. 2010 ஜனவரியில் சோனி அதைக் கைவிட்டது. 2012இல் மார்க் வெப் இயக்க, ஆண்ட்ரூ கார்ஃபீல்ட் நடிக்க, கதை முதலிலிருந்து தொடங்கியது. வந்த படத்தை வராத படத்தோடு ஒப்பிட்டுக் குறை சொல்வதும் அப்போதே தொடங்கிவிட்டது.

இந்த ஒப்பீடு நியாயமா? மென்பொருள் எழுதுகிறவர்களுக்குத் தெரியும், எழுதாத நிரலில் பிழையே இருக்காது. வராத படமும் அப்படித்தான். அதில் சுமாரான கிராஃபிக்ஸ் கிடையாது, இழுவையான இரண்டாம் பாதி கிடையாது. இருப்பதெல்லாம் நம்முடைய ஆசை மட்டும்தான்.

மனதில் மட்டும் இருப்பதைவிட நிஜத்திலும் இருப்பதே பெரிது என்று சொல்லி, பதினோராம் நூற்றாண்டில் ஆன்செல்ம் என்ற துறவி கடவுளின் இருப்பை நிறுவப் பார்த்தார். ரசிகர்கள் அவரைத் தலைகீழாக்குகிறார்கள்: நிஜத்தில் இல்லை, அதனாலேயே பெரிது. இரு தரப்புக்கும் பொருந்தும் பதில் 1781இல் வந்த கான்ட்டின் நூலில் இருக்கிறது. மனதில் உள்ள நூறு காசும் கையில் உள்ள நூறு காசும் எண்ணிக்கையில் ஒன்றுதான். மாறுவது நம் பையின் நிலைமை. இருப்பு ஒரு பொருளின் குணமல்ல என்றால், இல்லாமையும் குணமல்ல. 'வரவில்லை' என்பது எந்தப் படத்துக்கும் பாராட்டாக முடியாது.

சரி, அதோடு விஷயம் முடிந்ததா? இல்லை. 'வராத படம்' என்ற ஒரே பெயருக்குள் வெவ்வேறு கதைகள் இருக்கின்றன. 2007இல் வந்த மூன்றாம் பாகம் ஏறக்குறைய 890 மில்லியன் டாலர் வசூலித்தும் ரெய்மிக்கு அதில் திருப்தியில்லை. குறித்த தேதிக்குள் நல்ல திரைக்கதை அமையாது என்று தெரிந்ததும் அவரே சோனியிடம் சொல்லி விலகினார். அது ஒருவர் தன் தொழிலுக்குச் செய்த மரியாதை. அங்கே நாம் துக்கம் விசாரிக்க வேண்டியதில்லை.

'பேட்கேர்ள்' கதை வேறு. படப்பிடிப்பு முடிந்து, ஏறத்தாழ 90 மில்லியன் டாலர் செலவான படத்தை 2022 ஆகஸ்டில் வார்னர் நிறுவனம் முடக்கிவிட்டது. அது எடுக்காத படமல்ல, எடுத்துப் பூட்டிவைத்த படம். பல பேருடைய உழைப்பு அதற்குள் கிடக்கிறது.

இன்னொரு வகையும் உண்டு. 1989இன் 'பேட்மேன்' படத்தில் வழக்கறிஞர் ஹார்வி டெண்டாக நடித்தவர் பில்லி டீ வில்லியம்ஸ். காமிக்ஸில் ஹார்வி பிற்பாடு பாதி முகம் சிதைந்து டூ-ஃபேஸ் என்ற வில்லனாவான். அந்த நாளை எதிர்பார்த்தே அந்த வேடத்தை ஏற்றதாக வில்லியம்ஸ் சொல்லியிருக்கிறார். 1995இல் 'பேட்மேன் ஃபாரெவர்' வந்தபோது டூ-ஃபேஸ் டாமி லீ ஜோன்ஸுக்குப் போனது. டிலன் பேக்கருக்கும் இதே கதைதான். ரெய்மியின் இரண்டு படங்களில் டாக்டர் கானர்ஸாக வந்தார். பல்லி மனிதனாக மாறும் வாய்ப்பு 2012இல் ரீஸ் இவான்ஸுக்குக் கிடைத்தது.

நம் இழப்பையும் இவர்கள் இழப்பையும் ஒரே தராசில் வைக்க முடியாது. நாம் வதந்தியைப் படித்தோம், கற்பனை செய்தோம், அவ்வளவுதான். அதற்காக நமக்கு யாரும் கடன்பட்டிருக்கவில்லை. அவர்கள் தங்கள் முகத்தையும் வருடங்களையும் கொடுத்தவர்கள். ஆனால் நம்முடைய கோபம் பெரும்பாலும் போய் விழுவது, எந்தத் தப்பும் செய்யாமல் புதிதாக வந்து நின்ற நடிகர்மேல்.

2017இல் 'லெகோ பேட்மேன்' படத்தில் டூ-ஃபேஸுக்குக் குரல் கொடுத்தது பில்லி டீ வில்லியம்ஸ். சின்ன வேடம்தான். இருபத்தெட்டு வருடம் கழித்தும் அது யாருக்குச் சேர வேண்டியது என்று யாரோ ஞாபகம் வைத்திருந்திருக்கிறார்கள். ரசிகர்கள் உரிமையோடு கேட்கக்கூடியது இந்த மாதிரிக் கடனைத்தான். அதுவும் தங்களுக்காக அல்ல.