அக்னியின் குற்றமா புகை?

எந்தக் கருமத்தை மேற்கொண்டாலும் அதனோடு ஏதேனும் ஒரு தோஷம் கூடவே வருகிறது என்பதை அர்ஜுனனுக்கு உணர்த்த விரும்பிய பகவான், கீதையின் 18ஆம் அத்தியாயத்தில், நெருப்பையும் அதைச் சூழும் புகையையும் உவமையாக எடுத்துக்கொண்டார். நம்முடைய நாட்டுப்புறத்தில் அந்த உவமை ஏட்டை விட்டு இறங்கி, அடுக்களைக்குள் நுழைந்து, ஒரு சமாதானமாகவே குடியேறிவிட்டது. விறகடுப்பின் முன் குந்தி, ஊதுகுழலை வாயில் வைத்து ஊதி ஊதிக் கண் சிவந்து இருமுகின்ற தாயைப் பார்த்து, "அடுப்பென்றால் புகையத்தான் புகையும்" என்று சொல்லிவிட்டுத் திண்ணைக்குப் போய்விடுகிறவர், தாம் அறியாமலே ஒரு பெரிய தத்துவ வினாவுக்கு விடை கூறிவிட்டுப் போகிறார். புகை நெருப்பின் சுபாவமா, அல்லது வெளியிலிருந்து வந்து சேர்ந்ததா? சுபாவமானால் பொறுத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை. வந்து சேர்ந்ததானால், பொறுத்திருப்பதில் புண்ணியம் ஏதுமில்லை.

இவ்வினாவை உத்திரமேரூரில் நின்று கேட்பதில் ஒரு பொருத்தம் உண்டு. வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவர்களில் முதற் பராந்தக சோழனின் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டப்பட்ட சாசனங்களைக் குடவோலைத் தேர்தலுக்காகவே நாம் போற்றுகிறோம். அது போற்றத்தக்கதுதான். ஆனால் முப்பது குடும்புகளிலிருந்து வாரியத்துக்கு வருகிறவர் சொந்த மனையில் வீடும் இறை கட்டும் நிலமும் உடையவராக இருப்பதோடு வேதம் கற்றவராகவும் இருக்கவேண்டும் என்று அச்சாசனம் விதிப்பதைப் பலர் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். சதுர்வேதி மங்கலம் என்று பெயர் பெற்ற அவ்வூரில் வேதத்தோடு அக்னியும் வளர்க்கப்பட்டிருக்கும் என்று கொள்வதில் தவறில்லை. சிரௌத முறையில் மூன்று அக்னிகள் உண்டு: வட்டமான கார்ஹபத்யம், சதுரமான ஆஹவனீயம், அரைமதி வடிவான தக்ஷிணாக்னி. இவற்றுள் தேவர்களுக்கு ஆஹுதி இடும் ஆஹவனீயமும் வீட்டுத் தலைவனுக்குரிய கார்ஹபத்யத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. ஹவிஸைச் சமைப்பதும் அந்தக் கார்ஹபத்யத்திலேதான். வேள்வியின் மூலம் ஓர் அடுப்பு என்றால் அது மிகையன்று.

அந்த அடுப்புக்கு எவ்வளவு சிரத்தை! சமித்து நன்றாக உலர்ந்திருக்க வேண்டும், பூச்சி அரித்ததாக இருக்கலாகாது. சுவாலை எழுந்து அசையும் பொழுதுதான் ஆஹுதி இடவேண்டும் என்று முண்டகோபநிஷத்தும் விதிக்கிறது. தேவர்களின் நெருப்புக்கு இத்தனை விதிகளை வகுத்த நாம், நாள்தோறும் மூன்று வேளை மனிதர்களுக்கு அன்னம் ஆக்கும் நெருப்புக்கு என்ன விதி வகுத்தோம்? ஏரிக்கரையில் முந்தின நாள் வெட்டிய வேலிகாத்தானைப் பச்சையாகவே அடுப்பில் திணித்து, அது எரியாதபோது மண்ணெண்ணெயை ஊற்றி, பிளாஸ்டிக் பையையும் சேர்த்துக் கொளுத்துகிறோம். ஹோம குண்டத்தில் இதைச் செய்தால் அபசாரம் என்று பதறுகிறவர்கள், அடுக்களையில் செய்தால் வாய் திறப்பதில்லை.

புகையின் உண்மையான காரணத்தை விசாரித்தவர்கள் நம் தர்க்க சாஸ்திரிகள். மணிமேகலையின் 29ஆம் காதையில், உத்திரமேரூருக்கு அதிகத் தொலைவில்லாத காஞ்சியில், அறவண அடிகள் மணிமேகலைக்கு அநுமான முறையைக் கற்பிக்கிறார். மலையில் புகை தெரிவதால் அங்கே நெருப்பு உண்டு என்று முடிவு செய்யலாம் என்பதற்கு அவர் காட்டும் திருஷ்டாந்தம் அடுக்களையே. அவ்வளவு பேரறிஞர்கள் கூடி வாதிட்ட நகரத்தில், ஒரு பெண்ணுக்குத் தர்க்கம் சொல்லித்தர அவள் அறிந்த அடுப்பையே எடுத்துக்காட்டியது எனக்கு மிகவும் உவப்பான செய்தி. பிற்காலத்தில் அன்னம்பட்டர் இயற்றிய தர்க்க சங்கிரகத்தைப் படிக்கும் மாணவன் இன்னும் ஒரு படி ஏறுகிறான். புகை இருந்தால் நெருப்பு இருக்கும். ஆனால் நெருப்பு இருந்தால் புகை இருந்தே தீரவேண்டுமா? இல்லை. பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. அப்படியானால் புகையை உண்டாக்குவது எது? ஈர இந்தனத்தின் சேர்க்கை, அதாவது பச்சை விறகு. இதை அவர்கள் உபாதி என்றார்கள். நெருப்பின்மேல் சுமத்திய பழி, இவ்வாறு ஒரே வாக்கியத்தில் நீங்கிவிட்டது.

இன்றைய பௌதிக சாஸ்திரமும் இதையே வேறு வகையில் விரித்துக் கூறுகிறது. புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீராகவே இருக்கக்கூடும். மூட்டிய நெருப்பின் உஷ்ணம் முதலில் அந்தத் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. பிறகு சூடேறிய விறகிலிருந்து வாயுக்கள் பிரிகின்றன. நாம் சுவாலை என்று காண்பது அந்த வாயுக்கள் எரிவதைத்தான். போதிய உஷ்ணமோ போதிய காற்றோ கிடைக்காதபோது, அவை எரியாமலே வெளியேறிப் புகையாகின்றன. ஆகவே புகை என்பது வீணாய்ப் போன விறகே. ஆறு மாதம் வெயிலில் கிடந்து, ஈரம் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிய வேலிகாத்தானோ சவுக்கோ, கை மணிக்கட்டு அளவுக்குப் பிளக்கப்பட்டு, இரண்டு மூன்றாக இடைவெளி விட்டு வைக்கப்பட்டு, அடியில் காற்றுப் புக ஓர் இரும்புச் சல்லடையும் இருந்தால், மூட்டிய சில நிமிஷங்களில் புகை மெலிந்து சுவாலை தெளிந்துவிடும். வாய் நிறைய விறகைத் திணிக்கிறவர் நெருப்பை வளர்ப்பதாக எண்ணி அதன் மூச்சை அடைக்கிறார். மூன்று கல் வைத்த திறந்த அடுப்பில் விறகின் உஷ்ணத்தில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்குச் சற்று மேலாகத்தான் பாத்திரத்தைச் சேருகிறது. மிச்சமெல்லாம் சுவரையும் கூரையையும் சமைப்பவளையும் சூடாக்கப் போகிறது.

இங்கே ஒரு சைவ சித்தாந்தி ஆட்சேபிக்கலாம். மலம் வந்து சேர்ந்ததல்ல; செம்பில் களிம்பு போல ஆன்மாவோடு அநாதியாகவே உள்ளது என்பது அவருடைய சமயத்தின் கொள்கை. அந்தக் கொள்கையை நான் மறுக்கவில்லை. ஆனால் அநாதியான மலத்தையும் நீக்குவதற்காகத்தானே சரியையும் கிரியையும் யோகமும் ஞானமும் வகுக்கப்பட்டன? உடன்பிறந்த குற்றம் என்று சொன்னவர்களும் அதை அப்படியே விட்டுவிடச் சொல்லவில்லை. கீதையும் தோஷம் உள்ளதென்று கருமத்தைக் கைவிடாதே என்றதேயன்றி, தோஷத்தைப் பேணி வளர்க்கச் சொல்லவில்லை. அடுப்பை அணைத்துவிடாதே என்ற உபதேசத்தைப் புகையைத் தொடாதே என்று திரித்துக்கொண்டது நம்முடைய சோம்பலே.

அடுப்பைச் சமயத்தின் நடுவிலேயே வைத்தவர் ஒருவர் நம் தமிழ்நாட்டில் இருந்தார். ஒளியையே இறைவனாகக் கண்ட இராமலிங்க அடிகள், வடலூரில் அந்த ஒளியை வழிபடுவதற்குரிய சத்திய ஞான சபையை 1872ஆம் ஆண்டு ஜனவரியில்தான் திறந்தார். அதற்கு ஏறக்குறைய ஐந்தாண்டுகள் முன்பே, 1867 மே 23 அன்று, பசித்தவர்களுக்குச் சோறிடும் சத்திய தருமச்சாலையின் அடுப்பை மூட்டிவிட்டார். அணையா அடுப்பு என்று மக்கள் வணங்கும் அது இன்றளவும் எரிகிறது. முதலில் அடுப்பு, பிறகு சபை என்ற அந்த வரிசை எனக்கு ஒரு பெரிய உபதேசமாகவே தோன்றுகிறது. சோறு ஆக்கும் நெருப்பு தெய்வத்துக்குரிய நெருப்பைவிடத் தாழ்ந்ததன்று என்றால், அதன்முன் அமர்ந்திருப்பவளின் கண்ணும் நுரையீரலும் மட்டும் எப்படி அற்பமாகும்?

காந்தியடிகளின் வழியில் வந்தோர் இதை உணர்ந்திருந்தார்கள். தஞ்சையிற் பிறந்த ஜே. சி. குமரப்பா நடத்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் இருப்பிடமான வார்தா மகன்வாடியில் 1947இல் புகைபோக்கியோடு கூடிய அடுப்பொன்று உருவாயிற்று, ஹைதராபாத்தில் எஸ். பி. ராஜு 1953இல் புகையற்ற சமையலறையைப் பற்றி ஒரு நூலே எழுதினார். இத்தனை காலம் கழித்தும், 2020ஆம் ஆண்டில் வீட்டுப் புகையினால் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. எரிவாயு உருளை வந்துவிட்டதே என்பார்கள். வந்தது நல்லதே, ஆயினும் உருளை தீர்ந்த நாளிலும், வெந்நீருக்கும், நெல் அவிப்பதற்கும் கொல்லைப்புறத்து விறகடுப்பு இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

ஒன்றை மட்டும் தர்க்கத்தின் துணையோடும் கண்டுகொள்ள முடியாது. மார்கழிக் குளிரில், பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் அறையில், புகை அடங்கிய தணல்தானே என்று கணப்புச் சட்டியை வைத்துக் கதவையும் ஜன்னலையும் சாத்துகிறார்கள். தணலிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. அநுமானிப்பதற்குரிய குறி எதுவுமே இல்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். புகை இல்லாத நெருப்பும் காற்றை வேண்டுகிறது.

ஆதலால் உத்திரமேரூர் வட்டாரத்துக் குடும்பத்தார் அனைவரையும் நான் வேண்டிக்கொள்வது இது. விறகைச் சித்திரை, வைகாசி வெயிலிலேயே பிளந்து காயவைத்து, ஐப்பசி மழைக்கு முன்பே தாழ்வாரத்தின் கீழ், தரையில் படாமல் கல்லின்மேல், காற்றோட்டமாக அடுக்கிவிடுங்கள். அடுப்புக்கு மேலே புகைபோக்கி ஒன்று எழுப்பிக் கூரை முகட்டுக்கு மேல் மூன்றடியாவது உயர்த்துங்கள். கீற்றுக் கூரையானால் சூடான குழாய் கீற்றைத் தொடாதபடி இடைவெளி விடுங்கள். உள்ளே படியும் கரி தீப்பிடிக்கக் கூடியதாகையால் மாதம் ஒருமுறை துடைத்தெடுங்கள். தணலை மூடிய அறைக்குள் ஒருநாளும் கொண்டுபோகாதீர்கள். இவ்வேலைகளை அடுப்பு ஊதுகிறவளிடமே விட்டுவிடாமல், வீட்டு ஆண்பிள்ளைகள் தங்கள் கையால் செய்யவேண்டும். கார்ஹபத்யத்தைப் பேணும் கடமை வீட்டுத் தலைவனுடையது.