துலாக்கோல் யார் கையில்?

பனி படர்ந்த துருவக் கடலிலே பெருங்கப்பல்களை ஓட்டலாமா? "ஆய்ந்தோம், ஆபத்து அற்பம்!" என்கின்றனர் வணிகக் கோமான்கள். ஆபத்து யாருக்கு? அதைக் கூறுவதில்லை.

தென்துருவத்தில் ஆராய்ச்சிக் கூடங்கள் உண்டு. ஊர் இல்லை, குடி இல்லை. அக்கடலிலே கனரக எரி எண்ணெயைக் கப்பல்கள் ஏற்றவும் எரிக்கவும் கூடாதென 2011 ஆகஸ்டிலேயே தடை வந்தது. தக்க காரணம் உண்டு. சிந்திய அவ்வெண்ணெய் குளிரில் கெட்டிப்படும், எளிதில் சிதையாது, பனிப்பாளத்தின் அடியில் புகுந்தால் அள்ளுவது அரிது.

வடதுருவத்திலும் அதே குளிர், அதே எண்ணெய்! ஆனால் அங்கே, மீனும் கடல்நாயும் உண்டு வாழும் இனூயிட் மக்கள் இருக்கின்றனர். அங்குத் தடை வந்ததோ 2024 ஜூலையில். அதிலும், கரையோர நாடுகள் தம் கப்பல்களுக்கு 2029 ஜூலை வரை விலக்கு அளிக்கலாமாம்! பெங்குவினுக்குக் கிட்டிய காவல் மனிதனுக்குக் கிட்டாததேன்? வடக்கே வணிகம் இருக்கிறது, தோழர்களே!

"தூய எரிபொருளின் விலை அதிகம், அம்மக்கள் வாங்கும் பண்டத்தின் விலையும் ஏறுமே" என்பர். மெய்தான். அச்சுமையை அரசு ஏற்கட்டும். அதற்கு ஏழையின் கடலா ஈடு?

முன்னரே ஒரு கடன் தீராதிருக்கிறது. 1980களின் இறுதியில், கனடாவின் நுனாவிக் பகுதி இனூயிட் தாய்மார்களின் பாலிலே, தெற்குக் கியூபெக் தாய்மார்களின் பாலில் இருந்ததைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு பி.சி.பி. எனும் ஆலை நஞ்சு காணப்பட்டது. ஆலை எழுப்பியவர்கள் அவர்களா? அல்லர்! காற்றும் கடலும் கொண்டுசேர்த்த பிறர் கழிவு அது.

பகுத்தறிவு கணக்கை வெறுப்பதன்று. கணக்கெழுதிய கையையும் காண்பது. ஆதாயம் அடைபவன் அளக்க, அல்லற்படுபவன் வாய்மூடி நிற்பது ஆய்வாகாது. சுமப்பவனின் சம்மதமின்றிச் சுமத்தப்படும் ஆபத்து, எவ்வளவு சிறிதாயினும், அநீதியே!