கண்ணாடி காட்டும் முகம்

பந்தல்குடியைச் சுற்றியுள்ள கரிசல் காடுகள் வானம் பார்த்த பூமி. புரட்டாசி, ஐப்பசியில் மழை இறங்கினால் வெள்ளாமை உண்டு. இல்லையென்றால் கம்மாயும் வறண்டு, விதையும் மண்ணோடு போகும். இந்தப் பூமியில் ஒரு முடிவு தவறினால் ஒரு வருஷம் போகும். ஆகவே தெளிந்து நினைப்பது இங்கே படித்தவருக்கு மட்டும் உரிய காரியமன்று. அன்றாடக் கஞ்சியோடு சேர்ந்த காரியம்.

2018-ஆம் ஆண்டில் படைப்புழு தமிழ்நாட்டு மக்காச்சோளத்தில் இறங்கியது. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, ஆப்பிரிக்காவில் பரவி, பிறகு இந்தியாவுக்கு வந்த புழு அது. அதற்கு முன் அதைக் கண்டவர் இங்கே இல்லை.

அப்படிப்பட்ட காலத்தில் ஒரு சம்சாரியின் நிலையை நினைத்துப் பார்க்கலாம். கடன் வாங்கி விதைத்த காடு கண்ணெதிரே சல்லடையாகிறது. பக்கத்துக் காடு அண்ணனுடையது. வரப்புத் தகராறில் பேச்சு நின்று மூன்று வருஷம். அந்தக் காட்டில் மட்டும் பயிர் பச்சையாக நிற்கிறது. “யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்” என்று ஒருவர் சொல்கிறார். கோடாங்கியோ ஒரு கிடா கேட்கிறார். கேட்ட மாத்திரத்தில் மனம் நம்பிவிடுகிறது.

ஏன் நம்புகிறது? அறிவு இல்லாததால் அல்ல. பயந்த மனத்துக்கு உடனே ஒரு பதில் வேண்டும். அண்ணன் மேல் கோபம் முன்பே இருக்கிறது. அதற்கு ஒரு காரணமும் வேண்டும். இவற்றுக்கும் அடியில் இன்னொன்று கிடக்கிறது. முதல் வாரத்திலேயே இலையில் ஓட்டை கண்டும், “பார்த்துக்கொள்ளலாம்” என்று விட்டது அவரேதான். செய்வினை என்றால் அந்தக் குற்றம் தன்னை விட்டுப் போய்விடும். பொய் இனிப்பது இதனால்தான்.

அய்யா வைகுண்டர் பேய்களை எரித்த வரலாற்றை அகிலத்திரட்டு சொல்கிறது. ஆடு, கோழி பலி வேண்டாம், காணிக்கை வேண்டாம் என்று அய்யா தடுத்ததை அன்புக்கொடி மக்கள் அறிவார்கள். பேயை எரித்தது பயத்தை எரித்ததுமாகும். பயம் தங்கிய மனத்தில்தான் கலி குடியிருக்கிறது.

நிழல்தாங்கலின் பள்ளியறையில் கண்ணாடி இருக்கிறது. அது அண்டை வீட்டாரைக் காட்டுவதில்லை. எதிரே நிற்பவரைத்தான் காட்டுகிறது. நெற்றியில் நாமமிட்டு அதன் முன் நிற்பவர், “இந்த நினைப்பு கண்டதில் பிறந்ததா, கோபத்தில் பிறந்ததா?” என்று தன்னையே கேட்டால் பாதி இருட்டு விலகும்.

மீதி இருட்டு காட்டில் விலகும். குருத்தைப் பிரித்துப் பார்த்தால் புழுவும், மரத்தூள் போன்ற அதன் எச்சமும் தெரியும். அண்ணன் விதைத்தது உளுந்து. மக்காச்சோளத்தை விரும்பும் இந்தப் புழு உளுந்தை அவ்வளவாக நாடாது. புழு மண்ணுக்குள் போய்க் கூடாகிறது. கோடை உழவு போட்டால் அந்தக் கூடுகள் மேலே வந்து பறவைக்கும் வெயிலுக்கும் இரையாகும். வரப்புத் தகராறு வேறு, புழு வேறு. இரண்டையும் ஒன்றாக முடிந்தது பயமே.

தெளிவு கடனை அடைத்துவிடாது. போன பயிரையும் திருப்பித் தராது. ஆனால் கிடாயின் விலை மிஞ்சும்; அடுத்த விதைப்புக்கு வழி தெரியும்; அண்ணன் அண்ணனாகவே மிஞ்சுவார். தெளிந்தவர் பயந்தவரைப் பார்த்துச் சிரிக்கவும் கூடாது. நாளை தன் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்போது அவரும் பயப்படுவார்.

அய்யாவின் சொற்படி 700 குடும்பத்தார் வாகைப்பதியில் துவையல் தவசு இருந்தார்கள். ஒருமுறை துவைத்ததோடு அவர்கள் நிறுத்தவில்லை. நாள்தோறும் குளித்தார்கள், நாள்தோறும் துவைத்தார்கள். உடுத்திய துணி மறுநாளும் அழுக்காகும் என்பது அவர்களுக்குத் தெரியும். மனமும் அப்படித்தான். இன்று தெளிந்தது நாளை ஒரு வதந்தியில் கலங்கும். மறுபடி வெளுக்க வேண்டும். அந்தப் பொறுமையும் தவசுதான்.

அய்யா உண்டு